நாலு ரூலும் ஒரு மஞ்சள் வாத்தும்

"இன்னையில இருந்து என் மகன் கக்கூஸைத் தவிர வேற எங்கேயும் ஒரு சொட்டு விட மாட்டான். இது சத்தியம்."

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இப்படி ஒரு சபதத்தை அதற்கு முன் யாரும் செய்ததாகத் தகவல் இல்லை. செய்தவர் சௌந்தரராஜன். செய்த இடம் அவர் வீட்டு அடுப்படி. சாட்சிக்கு இருந்தது அவர் மனைவி ஜெயப்ரியா மட்டும்தான். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தாமல், சத்தியம் இருக்கட்டும், காலைக் கொஞ்சம் நகர்த்துங்க, கீரை மிதிபடுது என்றாள்.

சௌந்தரராஜன் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு சத்தியத்தை இன்னொரு தடவை சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்குப் பட்ட அவமானம் அப்படி. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பதினோரு வருஷத்துக்கு முன் ஓசூருக்கு வந்தவர். லாரி பிரேக்குக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சீனியர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு வளையத்தில் தலைமுடி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. உடனே சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உருவி ஒட்டிவிடுவார். அதற்கு ரெட் டேக் என்று பெயர். ரெட் டேக் விழுந்த சாமான் கேட்டைத் தாண்டாது. செய்தவன் வந்து பதில் சொல்லியாக வேண்டும். வீட்டிலும் ஒரு காலத்தில் தோசை ஓரம் கருகினால் ரிஜெக்ட் என்று தட்டைத் தள்ளிப் பார்த்தார். ஜெயப்ரியா அந்தத் தோசையைத் தானே தின்றுவிட்டு அடுப்பை அணைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் சுடுகிற தோசை எல்லாம் பாஸ்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கம்பெனியின் குடும்ப தின விழாவில் நேர்ந்ததைக் கேளுங்கள். பிளான்ட் ஹெட் மணிவேல் சார் கேன்டீன் முன்னால் ஒரு புங்கங்கன்றை நட்டார். பக்கத்திலேயே அவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் மணிவேல் சார் கன்றுக்கு இந்தப் பக்கம் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் அரைக்கால் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, நாலரை வயது அஸ்வினும் ஊற்றிக்கொண்டிருக்கிறான். அஸ்வின், சௌந்தரராஜனின் ஒரே மகன்.

மணிவேல் சார் நல்ல மனுஷர். கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சௌந்தரராஜன் தோளில் கை போட்டு, "குவாலிட்டி இன்னும் வீடு வரைக்கும் போகலை போலிருக்கே சௌந்தர். ரூட் காஸ் என்னன்னு பாருங்க" என்றார். கம்பெனியில் ஒரு பழுது வந்தால் அதைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அது எங்கிருந்து முளைத்தது என்று தோண்டிப் பார்த்து எழுதித் தர வேண்டும். அதுதான் ரூட் காஸ். அந்த வாரம் முழுக்க சௌந்தரராஜன் கேன்டீனுக்குப் போகும்போதெல்லாம், கன்று நல்லா வருதா அண்ணே, உரம் போட்டீங்களா அண்ணே என்று விசாரித்தபடியே இருந்தார்கள். அஸ்வினோ, நான் செடிக்குத் தண்ணிதானே விட்டேன், அதற்கு ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்று இரண்டு நாள் அழுதான்.

ரூட் காஸ் யாரென்று ஜெயப்ரியாவுக்குத் தெரியும். சந்தை, கோயில், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் துண்டு, தண்ணீர் பாட்டில், சோப்பு, மாற்று டவுசர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, பையன் முகம் லேசாகச் சுருங்கினாலும் கழிப்பறை தேடி ஓடுகிறவள் அவள். சௌந்தரராஜனோ ஸ்கூட்டரை ஓரம் கட்டி, ஆம்பளைப் பிள்ளைதானே, அந்த மரத்தடியில் நிக்கட்டும் என்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. துணைக்குத் தானும் பக்கத்து மரத்தடியில் நிற்பார். இத்தனையும் அவள் மனதில் இருந்தது. வாயில் மட்டும் வேறொன்று வந்தது.

"வெளிய போறப்போ வாத்தை எடுத்துக்கிட்டுப் போலாம்னு எத்தன தடவ சொல்றன். நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க."

வாத்து என்றால் உயிருள்ள வாத்து இல்லை. அஸ்வினுக்கு வேப்பனப்பள்ளி மாமன் வாங்கித் தந்த பிளாஸ்டிக் சாமான். மஞ்சள் உடம்பு, ஆரஞ்சு மூக்கு, தூக்கிப் போக ஒரு கைப்பிடி. நடுவில் பள்ளம். அவசரத்துக்கு ஒரு மறைவில் வைத்துத் துண்டைச் சுற்றிப் பிடித்தால் பிள்ளை உட்கார்ந்து வேலையை முடித்துவிடும். அப்புறம் கழிப்பறை கண்ட இடத்தில் கொட்டிக் கழுவி, பையில் போட்டுக்கொள்ளலாம். ஊர் நாறாது, பிள்ளைக்கும் நல்ல பழக்கம் என்பது ஜெயப்ரியாவின் கட்சி.

சௌந்தரராஜனுக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். வழியில் தன்னிடம் வேலை பார்க்கிற பையன்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? சீனியர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் வாத்து. மானம் போய்விடாதா?

"என் உயிர் இருக்கிற வரைக்கும் அந்த வாத்து இந்த வாசப்படியத் தாண்டாது" என்றார். "மூணே மாசம். கம்பெனி முறையில நான் அவனுக்கு ட்ரெயினிங் கொடுக்கேன். மே மாசம் கம்பெனி பிக்னிக் இருக்குல்ல, அங்க வந்து பாரு."

ஜெயப்ரியா கீரையைக் கீழே வைத்தாள். பிக்னிக்கில் ஒரு தப்பு நடந்தாலும் என்ன செய்வீங்க என்று கேட்டாள். நடந்தால் அந்த வாத்தை ஸ்கூட்டர் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டு, அஸ்வின் ஒண்ணாங்கிளாஸ் போகிற வரைக்கும் போகிற இடமெல்லாம் தானே கொண்டு வருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். நடக்காவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை காலை கிரிக்கெட். கல்யாணமான வருஷம் நின்றுபோனது. மறுபடியும் அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகலாம், ஏன் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. ஜெயப்ரியா சரி என்றாள்.

மறுநாளே பிரிட்ஜ் கதவில் லேமினேட் செய்த தாள் ஏறியது. நாலு ரூல்.

ஒன்று: வந்தால் அடக்கக் கூடாது, கூச்சப்படக் கூடாது, கூட இருக்கிறவர்களிடம் உடனே சொல்ல வேண்டும். இரண்டு: எந்த இடத்துக்குப் போனாலும் போன உடனே கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று: மரம், செடி, சுவர், வண்டிச் சக்கரம் இவற்றின் மேல் போகக் கூடாது. நான்கு: முடிந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

படிக்கத் தெரியாத அஸ்வினுக்காகப் பக்கத்தில் படமும் வரைந்தார். மரம் மட்டும் காலிஃபிளவர் மாதிரி வந்துவிட்டது. பையனுக்கு ஒரு விசிலும் ஒரு கட்டு ரெட் டேக்கும் கொடுத்து, அவனை லைன் லீடர், அதாவது மேஸ்திரி, ஆக்கினார். யார் ரூலை மீறினாலும் ஊத வேண்டும், ஒட்ட வேண்டும். அஸ்வினுக்குத் தலைகால் புரியவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்கினான்.

ஜெயப்ரியா தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, இந்த ரூல் அஸ்வினுக்கு மட்டுந்தானா என்று கேட்டாள்.

சௌந்தரராஜனுக்குப் பேச இடம் கிடைத்தது. தங்கள் பிளான்ட்டில் எம்.டி.யே வந்தாலும் சேஃப்டி ஷூ போடாமல் மஞ்சள் கோட்டைத் தாண்ட முடியாது, ஒரு தடவை வாட்ச்மேன் எம்.டி.யையே நிறுத்திவிட்டான், எம்.டி. அவனுக்குக் கை கொடுத்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டு வந்தார் என்று பத்து நிமிஷம் சொன்னார்.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல். பெரிய ஆளு சின்ன ஆளு கிடையாது. அதான் சிஸ்டம்."

"எல்லாருக்குமா? சரிங்க" என்று ஜெயப்ரியா சிரித்தாள். பல் தெரியாத சிரிப்பு. வளையத்தில் தலைமுடிக் கீறலைப் பார்க்கிற கண்ணுக்கு அந்தச் சிரிப்பு தெரியவில்லை. என்ன இன்ஸ்பெக்டரோ போங்கள்.

ட்ரெயினிங் ஆரம்பமானது. ஒன்றரை மணிக்கு ஒரு தரம் போனில் அலாரம் அடிக்கும். அடித்ததும் அஸ்வின் பாத்ரூம் ஓடுவான். சௌந்தரராஜன் சுவரில் மாட்டிய தாளில் டிக் போடுவார். அவர் ஷிப்டுக்குப் போயிருக்கும்போது ஜெயப்ரியா போட வேண்டும். பையனுக்கு வந்தாலும் அலாரம், வராவிட்டாலும் அலாரம். மூன்றாம் நாள் அவன், அப்பா எனக்கு வரலை, அலாரத்துக்குத்தான் வருது என்று முறையிட்டான். அப்புறம் அலாரத்தை நிறுத்திவிட்டு ஒன்றாம் ரூலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வந்தால் சொல்லு. அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. கடையில், பஸ்ஸில், கோயில் வரிசையில், எங்கே இருந்தாலும் அஸ்வின் கூச்சமில்லாமல் அறிவித்தான். வந்தவுடன் அறிவித்தான், போய்வந்த பிறகும் அறிவித்தான்.

விசில்தான் ஊரைக் கலக்கியது. பக்கத்து வீட்டு சாந்தம்மா கன்னடக்காரி, தனி ஆள். அவள் காம்பவுண்டுச் சுவர் சந்து முனையில் இருக்கிறது. ஷிப்டு முடிந்து வருகிற ஆம்பளைகள் எல்லாம் அங்கேதான் இளைப்பாறுவார்கள். பாவம், பிள்ளையார், ஏசு, மெக்கா மசூதி என்று மூன்று மதத்து டைல்ஸையும் ஒட்டிப் பார்த்தாள். கூட்டம் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இடம் பார்த்து நின்றது. அஸ்வின் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். எவராவது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றால் போதும், விசில் கிழியும். நின்றவர்கள் பாதியில் நிறுத்த முடியாமலும் தொடர முடியாமலும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு ஆட்டோக்காரர் முதுகில் ரெட் டேக்கோடு ஓசூர் முழுக்கச் சவாரி போய் வந்தார். ஒரு மாதத்தில் சாந்தம்மா சுவர் காய்ந்துவிட்டது. ஒள்ளே ஹுடுக, நல்ல பையன் என்று அஸ்வின் கன்னத்தைக் கிள்ளி மைசூர்பாகு தந்தாள்.

சௌந்தரராஜனுக்கு மார்பு அகலமாகிவிட்டது. கிரிக்கெட் மட்டையைப் பரணிலிருந்து இறக்கி எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

மே மாதக் கடைசி ஞாயிறு பிக்னிக். நாகரசம்பட்டி தாண்டி ஒரு மாந்தோப்பு. ஒரே பஸ், அறுபது பேர். ஏற்பாடு முழுக்க சௌந்தரராஜன் பொறுப்பு. அன்றைக்கு ஜெயப்ரியா அவரைக் கவனித்த கவனிப்பை என்னவென்று சொல்ல. காலையில் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் காபி. குளித்து வந்ததும் ராகிக்கூழ் ஒரு சொம்பு. பஸ் ஏறும்போது, வெயில் இன்னைக்குச் சாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க, குடிச்சிடுங்க என்று மோர் ஒரு பாட்டில். ஒரு டீக்கே நாலு கேள்வி கேட்கிறவள் இப்படி உபசாரம் செய்கிறாளே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்ம அருமை இப்பத்தான் இவளுக்குத் தெரியுது என்று எண்ணிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நாலு ரூலையும் விளக்கினார். இரண்டாம் ரூலை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "போன உடனே பாத்ரூம் எங்கன்னு பாத்து வெச்சுக்கணும். அப்புறம் அங்க இங்கன்னு முழிக்கக் கூடாது." முன் சீட்டில் மணிவேல் சார் தலையாட்டினார். சௌந்தரராஜனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தோப்பில் இறங்கியதும் அவர் பேனர் கட்டப் போனார். ஜெயப்ரியா அஸ்வினைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் ரூலை நிறைவேற்றப் போனாள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கழிப்பறை இருந்தது. உள்ளே இரண்டு அறை, வெளியே ஒரு இரும்புக் கதவு, அதில் ஒரு பூட்டு. திறந்து போட்டால் ஆடுகள் புகுந்து சோப்பைத் தின்றுவிடுகின்றன என்பது தோப்புக் காவல்காரர் ஆஞ்சப்பனின் குறை. ஆஞ்சப்பனுக்குத் தெலுங்குதான் சரளம். ஜெயப்ரியாவும் வேப்பனப்பள்ளிக்காரி, தெலுங்கில் பொளந்து கட்டுவாள். இருவரும் பேசிச் சிரித்ததையும், அவர் எதையோ இவள் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போனதையும் சௌந்தரராஜன் தூரத்திலிருந்து பார்த்தார். பதினோரு வருஷம் ஓசூரில் இருந்தும் அவருக்குத் தெலுங்கில் இரண்டு வார்த்தைதான் தெரியும். மாம்பழம் பேரம் பேசுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. மியூசிக்கல் சேர், கயிறு இழுத்தல், எலுமிச்சை ஸ்பூன். மைக் சௌந்தரராஜன் கையில். கம்பெனி லைனில் ஒரு வழக்கம் உண்டு. மாற்று ஆள் வந்து நின்றால் ஒழிய யாரும் தன் இடத்தை விட்டு அசையக் கூடாது. அவரும் அசையவில்லை. நடுவில் அஸ்வின் ஓடி வந்து அவர் மைக்கிலேயே, அப்பா எனக்கு ஒண்ணுக்கு வருது என்று அறிவித்தான். தோப்பே கேட்டது. மணிவேல் சார் கைதட்டி, சூப்பர் சௌந்தர், இதுதான் சிஸ்டம் என்றார். ஜெயப்ரியா வந்து பையனைக் கூட்டிப்போய், கை கழுவிக் கொண்டுவந்து விட்டாள். அப்படி மூன்று தடவை. ஒரு தப்புக் கிடையாது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஜெயப்ரியா ஒரு மரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கம்பெனி ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து குனிந்து என்னவோ கேட்பதும், அவள் பையிலிருந்து என்னவோ எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் போய்விட்டுச் சந்தோஷமான முகத்தோடு திரும்பி வருவதுமாக இருந்தது. உப்பு மிளகாய் போட்ட மாங்காய்க் கீற்றுக் கொடுக்கிறாளாக்கும். என் பெண்டாட்டிக்குத்தான் எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று உள்ளுக்குள் பூரித்தார். அந்த நேரத்தில் அவள் அவருக்கு ஒரு டம்ளர் நன்னாரி சர்பத் கொடுத்து அனுப்பினாள். குடித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் காபி, கூழ், மோர், சர்பத் நான்கும் ஒன்று சேர்ந்து அவருக்குத் தங்களை நினைவுபடுத்தின. மைக்கைக் கோபி என்கிற ஜூனியர் பையனிடம் கொடுத்துவிட்டு, அவசரப்படாதவர்போல நடந்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனார். பூட்டு. சாவி யாரிடம் என்று தெரியவில்லை. ஆஞ்சப்பனைக் காணோம்.

கேட்டால் ஆயிற்று. யாரிடம் கேட்பது? காலையில் அத்தனை பேருக்கும் மைக்கில் பாடம் எடுத்த வாய், இப்போது போய் பாத்ரூம் சாவி எங்கே என்று கேட்குமா? அதுவும் மணிவேல் சார் மனைவி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில்? சௌந்தரராஜன் அந்த மரத்தடி வழியாக ஒரு நடை நடந்தார்.

"ஏங்க, ஏதாவது வேணுமா?" என்றாள் ஜெயப்ரியா.

"ஒண்ணுமில்லையே."

பந்தலைப் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இன்னொரு நடை வந்தார். இந்தத் தடவை நடை கொஞ்சம் குறுகியிருந்தது.

"என்னங்க, முகமெல்லாம் வேர்க்குது. எதாச்சும் வேணுமா?"

"வெயிலு. வேற ஒண்ணுமில்ல."

மூன்றாவது நடையில் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"வேணும்னா சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கன்."

"நல்லாத்தான இருக்கேன். பஸ்ஸுல ஒரு சாமான் இருக்கு, எடுத்துட்டு வாரேன்."

பஸ் இந்தப் பக்கம் நின்றது. அவர் போனது அந்தப் பக்கம். தோப்பின் கடைசி வரிசை, வேலியோரம், நல்ல அகலமான ஒரு மாமரம். முன்னும் பின்னும் பார்த்தார். ஆள் இல்லை. மனிதன் வாழ்க்கையில் அனுபவிக்கிற நிம்மதிகளில் அதற்கு ஈடு உண்டா? கண்ணை மூடிக்கொண்டார்.

விசில்.

அந்த விசிலை அவருக்குத் தெரியும். அவரே வாங்கிக் கொடுத்தது. பாதியில் நிறுத்த முடியாமலும் தொடர முடியாமலும் ஆட்டோக்காரர் பட்ட பாடு என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. பின்னால் திரும்பவும் முடியாது. முதுகில் பட்டென்று ஒரு சின்னக் கை அடித்தது. ரெட் டேக்.

கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்த பத்துப் பிள்ளைகளும் அஸ்வினுக்குப் பின்னால் நின்றன. விசில் சத்தத்துக்குப் பெரியவர்களும் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் மணிவேல் சார். மரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பேன்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்த சௌந்தரராஜனைப் பார்த்தார்.

"சௌந்தர், இது ரிப்பீட் கம்ப்ளைன்ட் ஆச்சே" என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல. ரூட் காஸ் கிடைச்சிடுச்சு" என்றார்.

தோப்பில் அன்றைக்கு எழுந்த சிரிப்பில் மாமரத்திலிருந்து இரண்டு காய் விழுந்ததாகக் கோபி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். சௌந்தரராஜன் மானத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் பூட்டியிருந்தது சார், காவல்காரனைக் காணோம், சாவி இல்லாமல் நான் என்ன செய்ய என்று வாதாடினார். கூட்டம் அவரை விநோதமாகப் பார்த்தது. அண்ணே, சாவி அண்ணிகிட்டதானே இருக்கு, நாங்க எல்லாரும் அவங்ககிட்ட வாங்கித்தானே போயிட்டு வர்றோம் என்றான் கோபி.

ஜெயப்ரியா மெல்லக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சாவி வந்தது, ஒரு சாண் நீளக் கட்டையில் கோர்த்தது. ஆஞ்சப்பன் ஊருக்குள் ஒரு வேலையாகப் போகும்போது, ஆடு புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளம்மா என்று கொடுத்துவிட்டுப் போனாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் சௌந்தரராஜன்.

"மூணு தடவ கேட்டன். மூணு தடவயும் ஒண்ணுமில்லைன்னீங்க."

"அப்பா" என்று அஸ்வின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். கோபமில்லை, அவனுக்கு உண்மையாகவே வருத்தம். "கூச்சப்படக் கூடாதுப்பா. வந்தா சொல்லணும். அதான் ரூல் நம்பர் ஒன்."

தண்ணீர் பாட்டிலையும் சோப்பையும் ஜெயப்ரியா நீட்டினாள். நான்காம் ரூல் பாக்கி இருந்தது. சௌந்தரராஜன் அறுபது பேர் பார்க்கக் கை கழுவினார். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஒண்டியாக ஓடியவள். அவர் விரல் இடுக்கில் நுரை போட்டுக் கழுவுவதை நின்று நிதானமாகப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் பிக்னிக் வந்த பலன் கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சௌந்தரராஜன் ஒரே ஒரு ஆட்சேபம் எழுப்பினார். பந்தயம் அஸ்வின் விஷயமாகத்தான், அஸ்வின் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆகவே ஜெயித்தது தான்தான் என்றார். ஜெயப்ரியா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, உங்க பிளான்ட்ல எம்.டி. வந்தா சேஃப்டி ஷூ போடணுமா வேணாமா என்று கேட்டாள். ஆட்சேபம் அங்கேயே வாபஸ் ஆனது. ஓசூர் நெருங்கும்போது, அந்தக் கூழு, மோரு, சர்பத்தெல்லாம் எதுக்கு என்று மெதுவாகக் கேட்டார். வெயிலாச்சேங்க, உடம்புக்குக் குளிர்ச்சி என்றாள். பல் தெரியாமல் சிரித்தாள். இந்தத் தடவை அவருக்கு அது தெரிந்தது. என்ன பிரயோஜனம்?

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் புறப்பட்டார்கள். ஸ்கூட்டர் முன்கொக்கியில் வாத்து. ஆரஞ்சு மூக்கு நேராக ரோட்டைப் பார்த்தது. வாத்துக்கு மேலே நின்றபடி அஸ்வின், பின்னால் ஜெயப்ரியா, நடுவில் ஹெல்மெட் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்ட சௌந்தரராஜன். ஹெல்மெட்டுக்குள் ஆள் யாரென்று யாருக்குத் தெரியும் என்பது அவருடைய கடைசி நம்பிக்கை.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் வந்து நின்ற பைக்கில் கோபி. பின்னால் லைன் பையன்கள் இன்னும் இரண்டு வண்டி. கோபி அஸ்வினை அடையாளம் கண்டுகொண்டான். வாத்தைப் பார்த்தான். குனிந்து அதன் மூக்கைத் தட்டி, "டேய் அஸ்வின், சூப்பரா இருக்கேடா, உன்னுதா?" என்று கேட்டான்.

அஸ்வின் பொறுமையாக விளக்கினான். மூன்று வண்டிக்கும் கேட்கிற மாதிரி, கூச்சமே இல்லாமல்.

"எனக்கு ட்ரெயினிங் முடிஞ்சிடுச்சு அங்கிள். இது அப்பாவுக்கு."